ஒரு லிட்டருக்குப் பன்னிரண்டு லிட்டர்
சாராய ஆலைகளைச் சுற்றி வாழும் ஊர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசு, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, சர்க்கரை ஆலைகளோடு இணைந்த சாராய ஆலைகளின் நிர்வாகங்கள்.



நாங்கள் கரும்பு போடுகிறவர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், ஆலைக்குள் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவர்கள், ஆலையைச் சுற்றிக் கிணறு வைத்திருப்பவர்கள். ஆலையை மூடச் சொல்லி வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாங்கள் வாய் திறக்கும்போதெல்லாம் ‘உங்களுக்கு ஆலை வேண்டுமா, வேண்டாமா?’ என்று கேட்டுப் பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆலை வேண்டும். எங்கள் கரும்புக்குப் பணம் அங்கிருந்துதான் வருகிறது. சில வருஷம் வர வேண்டிய நேரத்தில் வருவதில்லை. அது தனிச் சாசனம்.

இப்போது நாங்கள் கேட்பது ஒரு கணக்கு.

சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கரும்புப் பாகுதான் மொலாசஸ், சாராயத்தின் மூலப்பொருள். அது ஒரு டேங்கர் சர்க்கரை ஆலையிலிருந்து நகர வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். வடித்து இறக்கிய எரிசாராயத்துக்குப் பூட்டு உண்டு, முத்திரை உண்டு, பதிவேடு உண்டு. அதைப் பார்த்துக்கொள்ள ஆயத்தீர்வைத் துறை அதிகாரி ஆலைக்குள்ளேயே இருக்கிறார். ஆவியாய்ப் போனது எவ்வளவு, ஒழுகிப் போனது எவ்வளவு என்று சேதாரத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்பு தாண்டினால் விளக்கம் கேட்பார்கள். காரணம் எங்களுக்கும் தெரியும். 2023-24-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் ரூ. 45,855 கோடி.

அதே ஆலையில், அதே வடிகோபுரத்தின் அடியிலிருந்து, சாராயத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அளவுக்கு இன்னொரு திரவம் இறங்குகிறது. அதற்குப் பூட்டும் இல்லை, காவலுக்கு அதிகாரியும் இல்லை.

இன்றைக்கு உலகமெங்கும் ஓடும் தொடர் வடிகோபுரங்களுக்கு மூலமான ஒன்றுக்கு 1830-இல் காப்புரிமை வாங்கியவர் ஏனியஸ் காஃபி. அவர் அயர்லாந்தில் ஆயத்தீர்வைத் துறையின் தலைமை அதிகாரியாக இருந்தவர். வரி வசூலித்த கையே கோபுரத்தையும் வரைந்தது. சாராயத்தின் தொழில்நுட்பமும் சாராயக் கணக்கும் அன்றிலிருந்தே ஒரு வீட்டுப் பிள்ளைகள். கழிவை மட்டும் தெருவில் விட்டுவிட்டார்கள்.

பன்னிரண்டு என்பது நாங்கள் ஊதிப் பெருக்கிய எண் இல்லை. மொலாசஸைத் தண்ணீரில் கரைத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தால் வருகிற கலவையில் சாராயம் ஏழெட்டு சதவீதம்தான். அதற்கு மேல் போனால், தான் ஆக்கிய சாராயத்திலேயே ஈஸ்ட் செத்துவிடும் என்பதுதான் பழைய முறையின் எல்லை. கோபுரம் அந்த எட்டை மேலே அனுப்பிவிட்டு, மிச்சத்தைக் கீழே தள்ளுகிறது. நேரடியாக நீராவி செலுத்தும் பழைய கோபுரமாக இருந்தால், அந்த நீராவியும் குளிர்ந்து தண்ணீராகிக் கழிவோடு சேரும். ஆலைக்காரர்கள் அதை ஸ்பென்ட் வாஷ் என்கிறார்கள். நாங்கள் ‘ஆலைத் தண்ணி’ என்கிறோம். நன்றாக நடத்தும் ஆலைகளில் ஒரு லிட்டர் சாராயத்துக்கு எட்டு லிட்டர், மோசமாக நடத்தும் ஆலைகளில் பதினைந்து. நடுவே ஒரு எண் எடுத்துக்கொண்டோம்.

அது வெளியே வரும்போது சூடு கை வைக்க முடியாது. புளிப்பும் கந்தகமும் கலந்த வாடை, டிகாக்‌ஷன் நிறம். அதன் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது பி.ஓ.டி., லிட்டருக்கு 40,000 முதல் 60,000 மில்லிகிராம். ஆற்றில் விடுவதற்கு அரசு வைத்த வரம்பு 30. நாளொன்றுக்கு 60,000 லிட்டர் சாராயம் வடிக்கும் நடுத்தர ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். கழிவு 7,20,000 லிட்டர். லிட்டருக்கு 45,000 மில்லிகிராம் என்றால் ஒரே நாளில் 32 டன் பி.ஓ.டி. ஒரு ஆள் ஒரு நாளில் கழிக்கும் மாசு 45 கிராம் என்று வைத்தால், இது ஏழு லட்சம் பேர் வாழும் நகரத்தின் சாக்கடைக்குச் சமம். அந்த நகரத்தை ஒரு கிராமத்தின் ஓரத்தில், நான்கு மதில்களுக்குள் வைத்திருக்கிறார்கள்.

இன்னும் சின்னதாகச் சொல்கிறோம். கடையில் விற்கும் குவார்ட்டர் பாட்டில் 180 மில்லி. அதில் சாராயச் சத்து 42.8 சதவீதம், அதாவது 77 மில்லி. அதற்கு ஆலைத் தண்ணி 924 மில்லி. குடிப்பவர் ஒரு குவார்ட்டரைக் காலி செய்தால், ஏதோ ஒரு ஊரில் ஏறக்குறைய ஒரு லிட்டர் கழிவு எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது. நீலகிரியில் 2022 முதல் காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தருகிறார்கள். காட்டில் யானை காலைக் கிழிக்கும் கண்ணாடிக்கு விலை வைத்தது நல்ல காரியம். அந்த ஒரு லிட்டருக்கு இன்றுவரை விலை இல்லை.

நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதிகாரிகளோடு எங்களுக்கு வரும் சண்டையில் பாதி அதைப் பற்றியதுதான். கொப்பரையில் வெல்லம் காய்ச்சியவர்களுக்குத் தெரியும், பாகு எந்த இடத்தில் சிவந்து கருக்கத் தொடங்கும் என்று. சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் கூடி நிறம் ஏறுவதை 1912-இல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கினார். அப்படி உருவாகும் கரும்பழுப்புப் பொருளுக்கு மெலனாய்டின் என்று பெயர். தோசை முறுகுவதும் அதனால்தான். கரும்புச் சாற்றைப் பலமுறை கொதிக்க வைத்து மிஞ்சிய மொலாசஸில் அது நிறையவே இருக்கிறது, வடித்த பிறகும் போகாது. சாணி எரிவாயுக் கலன் போன்ற பெரிய செரிமானக் கலனில் ஆலைத் தண்ணியை விட்டால் பாக்டீரியா பி.ஓ.டி.யில் 80, 90 சதவீதத்தைத் தின்றுவிடும். மெலனாய்டினைத் தொடாது. எனவே வாரியத்தின் அறிக்கையில் பி.ஓ.டி. இறங்கியிருக்கும், எங்கள் கிணறு சிவப்பாகவே இருக்கும். இரண்டும் உண்மை. ‘பரிசோதனையில் சரியாக இருக்கிறது’ என்று எங்களைப் பொய்யர்களாக்கித் திருப்பி அனுப்பியது மட்டும்தான் பொய்.

எங்களில் ஒருவரின் கிணறு, ஆலை தன் கழிவைத் தேக்கி வைக்கும் குளத்துக்குக் கிழக்கே உள்ள சரிவில் இருக்கிறது. முதலில் தண்ணீரில் நுரை வந்தது. அப்புறம் கரையோரப் பாறையில் துருப்பிடித்தது மாதிரி ஒரு கோடு. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த வீட்டு அம்மா, ‘மாட்டுக்குத் தெரிஞ்சது கலெக்டருக்குத் தெரியலையே’ என்றார். குறைதீர் நாளில் அதே வார்த்தையைச் சொல்ல வேண்டாம் என்று நாங்கள்தான் அவரைத் தடுத்தோம். இப்போது எழுத்தில் வைக்கிறோம்.

இதற்கெல்லாம் வழியே இல்லையா? இருக்கிறது. இந்தச் சாசனத்தின் அடித்தளமே அதுதான். 1930-களிலேயே பிரான்சில், புளித்த கலவையிலிருந்து ஈஸ்ட்டைப் பிரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறையைக் கண்டார்கள். பிறகு ஸ்வீடன்காரர்கள் பயோஸ்டில் என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். ஒரே கலனில் இடைவிடாமல் புளிக்க வைத்து, கழிவின் ஒரு பகுதியையே மொலாசஸைக் கரைக்கும் தண்ணீராகத் திருப்பி விடுவது அது. நீராவியை நேராகச் செலுத்தாமல் ரீபாய்லர் வழியாகச் சூடு மட்டும் ஏற்றினால், கழிவில் தண்ணீர் கூடாது. ஒரு கோபுரத்தின் ஆவியை அடுத்த கோபுரத்துக்கு அடுப்பாக்கும் பல அழுத்த வடிப்பும், வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் வடிப்பதும் நீராவியை மிச்சப்படுத்துகின்றன. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு 96 சதவீதத்தில் அடம்பிடித்து நிற்கும் சாராயத்திலிருந்து கடைசித் தண்ணீரைப் பிரிக்க முன்பு பென்சீன் போன்றவை வேண்டியிருந்தன. இன்று சியோலைட் மணிகள் நிரப்பிய மூலக்கூறு சல்லடை அதைச் செய்கிறது.

வடித்த பிறகும் வழி இருக்கிறது. செரிமானக் கலனில் கிடைக்கும் மீத்தேன் கொதிகலனுக்கு எரிபொருள். மிஞ்சியதைப் பல கட்ட ஆவியாக்கியில் பாகுப் பதத்துக்குக் காய்ச்சி, ஆவியான தண்ணீரைக் குளிர்வித்துச் சுத்தம் செய்து மறுபடி ஆலைக்கே விடலாம். அந்தப் பாகில் அறுபது சதவீதம் திடப்பொருள் இருந்தால், கரும்புச் சக்கையோ நிலக்கரியோ துணைக்கு வைத்து அதற்கென்றே கட்டிய கொதிகலனில் எரிக்கலாம். கடைசியில் மிஞ்சுவது சாம்பல், அதுவும் பொட்டாஷ் நிறைந்த சாம்பல்.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் 2003 மார்ச்சில் தொழில்துறையோடு ஒரு பொறுப்புச் சாசனம் போட்டன. 2005 முடிவதற்குள் நீர்நிலைகளில் ஒரு சொட்டுகூட விடுவதில்லை என்று மொலாசஸ் சாராய ஆலைகள் ஒப்புக்கொண்டன. அதுவும் சாசனம், இதுவும் சாசனம். அதற்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது.

இயந்திரம் இருந்தும் கிணறு கெடுவதற்குக் காரணத்தை, ஆலைக்குள் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகள் சொல்லித் தெரிந்துகொண்டோம். ஆவியாக்கியின் குழாய்களில் சுண்ணாம்பும் சல்பேட்டும் படிந்து அடைக்கும்; அதைச் சுரண்டிக் கழுவ நிறுத்த வேண்டும். பொட்டாஷ் குறைந்த சூட்டிலேயே உருகும் என்பதால் சாம்பல் கொதிகலன் குழாய்களில் பசைபோல ஒட்டும். அதற்கும் நிறுத்த வேண்டும். இது யாருடைய குற்றமும் இல்லை, இயந்திரத்தின் சுபாவம். ஆனால் சுத்திகரிப்பு நிற்கும் அந்த நாட்களில் வடிப்பும் நிற்கிறதா? சர்க்கரை ஆலையின் கொதிகலனிலிருந்து நீராவி வாங்கி வடிகோபுரம் ஓடிக்கொண்டே இருந்தால், அன்றைய ஏழு லட்சம் லிட்டர் எங்கே போகும்? குளத்துக்குப் போகும். குளம் நிரம்பினால், மழை பெய்யும் இரவுக்காகக் காத்திருக்கும்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

முதலாவது, கணக்கு. உள்ளே வந்த மொலாசஸ், எடுத்த தண்ணீர், வடித்த சாராயம், இறங்கிய ஆலைத் தண்ணி, ஆவியாக்கியில் போனது, உரக்களத்துக்குப் போனது, கொதிகலனில் எரிந்தது, குளத்தில் இருப்பு ஆகிய எட்டு எண்களையும் ஆலை வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் நாள்தோறும் தமிழில் எழுதிப் போட வேண்டும். சாராய அளவு ஏற்கெனவே ஆயத்தீர்வைத் துறையின் பதிவேட்டில் இருக்கிறது. அதைக் கொண்டு கழிவின் அளவை எட்டாவது வகுப்புப் பிள்ளையும் பெருக்கிச் சொல்லிவிடும். கூட்டினால் ஒன்று சேரவில்லையென்றால், சேராத தண்ணீர் எங்கள் நிலத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கழிவுக் குழாயின் அளவுமானிக்கும் சாராயக் கிடங்கைப் போலவே முத்திரை வைக்க வேண்டும். முத்திரையைத் திறந்தால் யார், எப்போது, ஏன் என்று எழுத வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. வரிக்குக் காட்டும் அக்கறையில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும்.

இரண்டாவது, பூட்டுக்குப் பூட்டு. ஆவியாக்கியோ கழிவுக் கொதிகலனோ நின்றால், புளித்த கலவை வடிகோபுரத்துக்கு ஏறும் குழாய் தானாக அடைபட வேண்டும். கருவியிலேயே இணைப்புக் கொடுத்துவிட்டால் மேலாளரின் மனசாட்சியை நம்பி நாங்கள் தூங்க வேண்டியதில்லை. குளத்தில், ஏரி மதகில் இருப்பது போல, அளவுக்கல் நட வேண்டும்; மதிலுக்கு வெளியே நின்று பார்த்தாலும் எண் தெரிய வேண்டும். அபாயக் கோட்டைத் தொட்டால் வடிப்பு நிற்க வேண்டும். ‘பராமரிப்பு நாள்’ என்ற சொல்லுக்குள் எத்தனை லாரித் தண்ணி ஒளிந்துகொள்கிறது என்பதை எங்கள் ஊரில் நாய்கூடச் சொல்லும்.

மூன்றாவது, பிறக்கும் இடத்திலேயே குறைக்க வேண்டும். நேரடி நீராவிக் கோபுரங்கள் எதுவும் இனி மாநிலத்தில் ஓடக் கூடாது. ஆலைகளுக்கு ரீபாய்லருக்கும் தொடர் புளிப்புக்கும் மாறக் காலக்கெடு கொடுங்கள். கெடுவைக் கூட்டித் தரச் சொல்லி வரும் கடிதங்களைக் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். உற்பத்தித் திறனை உயர்த்த அனுமதி கேட்டு வரும் ஆலை, லிட்டருக்கு எத்தனை லிட்டர் கழிவு என்பதில் முதலில் எட்டுக்கு இறங்கிக் காட்டட்டும், பிறகு பேசலாம். இப்போது நடப்பது தலைகீழ். சாராயம் கூடுகிறது, அதனோடு குளமும் பெரிதாகிறது.

நான்காவது, உரக்களம். சர்க்கரை ஆலையில் சாற்றை வடிகட்டிய பின் மிஞ்சும் கசடான பிரஸ்மட்டில் ஆலைத் தண்ணியைத் தெளித்துப் புரட்டி உரமாக்குவது நல்ல முறைதான், நாங்களே வாங்கிப் போடுகிறோம். ஆனால் கணக்குப் போடுங்கள். 100 டன் கரும்பில் பிரஸ்மட் 3 முதல் 4 டன். ஒரு டன் பிரஸ்மட் ஏற்கக்கூடியது ஏறத்தாழ இரண்டரை மடங்கு கழிவு. ஆக அதிகபட்சம் 10,000 லிட்டர். அதே 100 டன் கரும்பின் மொலாசஸில் வடிக்கும் சாராயம் சுமார் 1,000 லிட்டர், அதன் கழிவு 12,000 லிட்டர். சொந்த மொலாசஸுக்கே சொந்தப் பிரஸ்மட் போதவில்லை. வெளியூர் மொலாசஸ் வாங்கி வடிப்பவர்கள் எந்த மண்ணில் தெளிக்கிறார்கள்? எனவே உரக்களம் காட்டி அனுமதி வாங்கும் ஆலைக்கு, அதன் கையில் உள்ள பிரஸ்மட் ஏற்கக்கூடிய கழிவுக்கு மேல் வடிப்பு அனுமதி தரக் கூடாது. களத்தின் தரை தண்ணீர் புகாததாக, சுற்றிலும் கசிவைப் பிடிக்கும் வாய்க்காலோடு இருக்க வேண்டும். மழைக்காலத்தில் திறந்த களத்தில் உரம் போடக் கூடாது. ஐப்பசியில் இங்கே மழை பெய்யும் என்பது விதி எழுதியவர்களுக்கு முன்பே தெரிந்த சங்கதி.

அதோடு சேர்ந்தது, ‘இலவச உரத்தண்ணி’. ராத்திரி டேங்கர் வந்து, தரிசு நிலத்தில் கொட்டிவிட்டுப் போகிறது. கேட்டால் விவசாயி விரும்பித்தான் வாங்கினார் என்கிறார்கள். களர் நிலத்தைத் திருத்த இந்தத் தண்ணி உதவும் என்று வேளாண் பல்கலைக்கழகம் ஆய்ந்திருக்கிறது. உண்மை, மறுக்கவில்லை. அதன் அமிலமும் சுண்ணாம்புச் சத்தும் களரை உடைக்கும். ஆனால் அது மண் பரிசோதித்து, அளந்து, பயிர் வைப்பதற்கு முன் விட்டு, மழையிலோ பாசனத்திலோ அலசி, காத்திருந்து செய்கிற வைத்தியம். வைத்தியன் இல்லாமல் ராத்திரியில் வரும் மருந்தை யார் வாங்குவார்கள்? டேங்கர்கள் ஒவ்வொன்றிலும் ஜி.பி.எஸ். வேண்டும். சூரியன் மறைந்த பின் எந்த டேங்கரும் ஆலை வாசலைத் தாண்டக் கூடாது.

ஐந்தாவது, எங்கள் பொட்டாஷ். கரும்பு எங்கள் மண்ணிலிருந்து உறிஞ்சிய பொட்டாஷ் சர்க்கரையில் போவதில்லை, மொலாசஸோடு வந்து ஆலைத் தண்ணியில் தங்கி, எரித்தால் சாம்பலில் நிற்கிறது. அந்தச் சாம்பலிலிருந்து 14.5 சதவீதப் பொட்டாஷ் உரம் தயாரிக்கலாம். மத்திய அரசின் உர மானியப் பட்டியலிலும் அது ஏறிவிட்டது. நாடு முழுமைக்கும் வேண்டிய பொட்டாஷைக் கப்பலில் இறக்குமதி செய்துகொண்டே, எங்கள் வயலின் பொட்டாஷைப் பக்கத்து ஓடையில் கரைப்பது எந்த ஊர்ப் பொருளாதாரம் என்று தெரியவில்லை. ஆலைக்குக் கரும்பு தரும் விவசாயிக்கு, தந்த டன்னுக்கு ஏற்ப, அடக்க விலைக்கு அந்த உரம் முதலில் வர வேண்டும். கன உலோகப் பரிசோதனைச் சீட்டு மூட்டையோடு இருக்க வேண்டும்.

ஆறாவது, கிணறுகள். ஆலையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் உள்ள கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் எண்ணிட்டு, பருவமழைக்கு முன்னும் பின்னும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். பி.ஓ.டி. மட்டும் போதாது, நிறம், பொட்டாசியம், குளோரைடு, உப்பின் அளவு எல்லாம் வேண்டும். மேலே சொன்ன காரணத்தால் நிறம் கட்டாயம். அறிக்கை கிணற்றுக்காரர் கையில், தமிழில் வர வேண்டும். கெட்ட கிணற்றுக்கு மாற்றாக ஆலைச் செலவில் குழாய்த் தண்ணீர் வேண்டும். அதுவும் ‘கெட்டது ஆலையால்தான் என்று நிரூபி’ என்று விவசாயியை அலைய விடாமல் வர வேண்டும். மாசு செய்தவர்தான் சரிசெய்யவும் ஈடு தரவும் வேண்டும் என்று 1996-இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைத் தொடர்ந்து அமைந்த சூழல் இழப்பீட்டு ஆணையம் பாலாற்றுக்காரர்களுக்கும் நொய்யல்காரர்களுக்கும் இழப்பீடு கணக்கிட்டது. அந்த அளவுகோலை எங்கள் ஊருக்கும் எடுத்து வாருங்கள்.

ஏழாவது கோரிக்கை எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளைப் பற்றியது. ஆலைத் தண்ணி அழுகும் கலனிலும் தொட்டியிலும் ஹைட்ரஜன் சல்பைடு சேரும். முட்டை அழுகிய வாடை வந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். நூறு பி.பி.எம். அளவில் அந்த வாடையை அறியும் புலனே மரத்துப்போகும். ஆயிரத்தில் ஆள் நின்ற இடத்திலேயே விழுவான். செரிமானக் கலனின் வாயுவில் அது ஒன்றிரண்டு சதவீதம் இருக்கும், அதாவது பத்தாயிரம், இருபதாயிரம் பி.பி.எம். புளிப்புக் கலனில் இன்னொரு எமன்: ஒரு லிட்டர் சாராயம் பிறக்கும்போது முக்கால் கிலோ கார்பன் டை ஆக்சைடும் பிறக்கிறது, வாடையே கிடையாது, அடியில் தேங்கும். விழுந்தவனைத் தூக்க இறங்கியவனும் விழுவான். ஆகவே வாயு அளவியால் சோதிக்காமல், மூச்சுக் கருவி இல்லாமல், வெளியே கயிறு பிடித்த ஆள் நிற்காமல் யாரும் எந்தத் தொட்டியிலும் இறங்கக் கூடாது. ஒப்பந்ததாரரின் ஆள் என்று ஆலை கைகழுவக் கூடாது. தொட்டி ஆலையுடையது, பொறுப்பும் ஆலையுடையதே.

எட்டாவது: நாற்றம். செரிமானக் கலன்களின் வாயுவைக் கந்தகம் நீக்காமல் எரிக்கக் கூடாது, திறந்த குளங்களை மூட வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஜன்னலை அடைத்துப் பாடம் நடத்துகிறார்கள், இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஒன்பதாவது, கேமரா. மாசு அதிகமுள்ள 17 வகைத் தொழில்களுக்கு இணையவழித் தொடர் கண்காணிப்பு வேண்டும் என்று மத்திய வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. சாராய ஆலையும் அதில் ஒன்று. கழிவே வெளியேற்றாத ஆலை என்று சொல்லிக்கொள்பவர்கள் கேமராவும் அளவுமானியும் வைத்தாக வேண்டும். அவை சென்னைக்கும் டெல்லிக்கும் தெரிகின்றன. ஆலை மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்குத் தெரிவதில்லை. அதே படத்தை ஊராட்சி அலுவலகத்துத் தொலைக்காட்சியில் விடுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கும் பார்க்க எங்களிடம் ஆள் இருக்கிறது, சம்பளம் கேட்க மாட்டார்கள்.

பத்தாவது, எங்களைக் கேட்காமல் எதுவும் வரக் கூடாது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்ற இலக்கை 2030-லிருந்து 2025-26-க்கு முன்னே இழுத்தார்கள். அந்த அவசரத்தில், கலப்பு எத்தனாலுக்கு மட்டும் என்று உறுதி கூறும் தானிய ஆலைகளுக்கு 2021-இல் தளர்வு வந்தது. பொதுக் கருத்துக் கேட்பு இல்லாமலே அனுமதி பெற வழி திறந்தது. அரிசியிலும் மக்காச்சோளத்திலும் வடிப்பவர்கள் தங்கள் கழிவு வேறு வகை, சக்கையைக் காயவைத்து மாட்டுத்தீவனமாக்கி விற்றுவிடுவோம் என்கிறார்கள். சரிதான், மொலாசஸ் கழிவைவிட அதைக் கையாள்வது எளிது. ஆனால் அவர்கள் எடுக்கும் நிலத்தடி நீர் எங்கள் நிலத்தடி நீர்தான். தமிழ்நாட்டில் எந்தச் சாராய ஆலையும் எத்தனால் ஆலையும் கருத்துக் கேட்பு இல்லாமல் தொடங்கவோ விரிவாகவோ கூடாது. சுற்றுச்சூழல் அறிக்கை முழுவதும் தமிழில், முப்பது நாளுக்கு முன் கையில் வர வேண்டும். பத்துப் பக்கச் சுருக்கத்தைத் தமிழில் தந்துவிட்டு, தண்ணீர்க் கணக்குள்ள பக்கங்களை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்வது போதும்.

பஞ்சாபில் 2018 மே மாதம் ஒரு சர்க்கரை ஆலையின் மொலாசஸ் பியாஸ் ஆற்றில் கலந்து, மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. அதே மாநிலத்தில் ஜீரா பக்கம் 2022-இல் எத்தனால் ஆலை வாசலில் கிராமத்தார் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2023 ஜனவரியில் அங்கே முதல்வரே ஆலையை மூட உத்தரவிட வேண்டி வந்தது. நம் திருப்பூரில் 2011-இல் சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடியபோது வேலையிழந்தது தொழிலாளிதான். கணக்குக் கேட்க வேண்டியவர்கள் கேட்காமல் இருந்தால், கடைசியில் நீதிமன்றம் பூட்டுப் போடும். அந்தப் பூட்டு வந்தால் எங்கள் கரும்பு வயலிலேயே காய்ந்து நிற்கும். எனவே இந்தச் சாசனம் ஆலைக்காரர்களுக்கும் ஆகாத ஒன்று இல்லை, அவர்கள் நிதானமாகப் படித்தால்.

செலவு யார் செய்வது என்ற கேள்வி வரும். ஆவியாக்கிக்கும் கொதிகலனுக்கும் ஆலைகள் ஏற்கெனவே பணம் போட்டிருக்கின்றன, எத்தனால் திட்டத்தில் வட்டி மானியமும் பெற்றிருக்கின்றன. வாங்கி வைத்ததை இரவிலும் ஓட்டுவதற்கான மின்சாரச் செலவுதான் மிச்சம். கிணற்றுப் பரிசோதனைக்கும் குடிநீருக்குமான பணத்தை, விற்கும் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு சிறு தொகையைத் தனி நிதியாக ஒதுக்கி எடுக்கலாம். அந்த நிதி மாவட்ட ஆட்சியர் தலைமையில், கிணற்றுக்காரர்கள் பாதிப் பேராக இருக்கும் குழுவின் கையில் இருக்க வேண்டும். பொதுக் கணக்கில் போட்டால் திரும்பி வராது. அனுபவத்தில் சொல்கிறோம்.

இந்தச் சாசனத்தின் படிகளை மாவட்ட ஆட்சியரிடமும், வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடமும், ஆலை வாசலில் பாதுகாவலரிடமும் கொடுத்திருக்கிறோம். பாதுகாவலர் எங்கள் ஊர்ப் பையன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். வருகிற மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில், பத்துக் கோரிக்கைகளுக்கும் எழுத்தில் வந்த பதிலை வாசிக்க நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அதிகாரிகள் வர வேண்டும். மேசையில், சரிவில் இருக்கும் அந்தக் கிணற்றின் தண்ணீர் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூடியைத் திறந்து வைத்திருப்போம்.

இப்படிக்கு,
கையொப்பமும் கைநாட்டும் இட்ட ஊர்மக்கள்